பதினோராம் கட்டத்தில் ஓர் ‘ஆமாம்’

கிழக்கு டெல்லியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் படிவத்தை நிரப்பித் தருவது என் பொறுப்பு. அதில் பதினோராம் கேள்வி, ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?’ எல்லோரும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நானும் அதை ஒரு கேள்வியாக மதித்ததில்லை.

அந்த அம்மா மதித்தார்.

ஒப்பந்தக்காரர் மூலமாக வந்து எங்கள் பள்ளியை ஆறு வருடம் கூட்டிப் பெருக்கியவர். தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த பிறகு, டெல்லியின் வடகோடியில் நரேலாவில் வீடு. அங்கிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் மாறி, எனக்கு முன்னால் வந்து நிற்பார். நர்சரி வகுப்புக்கு நிரந்தர ஆயா தேவைப்பட்டபோது முதல்வர் மேடமே அவரைக் கூப்பிட்டார். படிவம் மட்டும்தான் பாக்கி. அவருக்கு எழுதத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான். ஆகவே நான் கேள்வியைத் தமிழில் சொல்ல, அவர் சொன்ன பதிலை நானே எழுதிக்கொண்டு வந்தேன். பதினொன்றில் வண்டி நின்றது.

“ஆமா சார். தண்ணி லாரி சண்டையில என்னையும் புடிச்சிக்கினு போனாங்க. ரெண்டு நாள் உள்ள இருந்தேன். அஞ்சு வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்சப்புறம் பரின்னுட்டாங்க.”

டெல்லிக் கோர்ட்டு பாஷையில் பரி என்றால், குற்றம் இல்லையென்று விடுதலை. எனக்கு உயிர் வந்தது.

“அச்சா, பரி ஆயிடுச்சில்ல? அப்ப இல்லைன்னே போட்டுடறேன்.”

“கைதானியான்னுதானே சார் கேட்டிருக்கான்? தப்பு பண்ணியான்னா கேட்டிருக்கான்?”

சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் நான் அந்த வரியைச் சரியாகப் படித்ததே இல்லை. அதனாலேயே கோபமும் வந்தது.

“வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதேம்மா. ஆமான்னு எழுதினா வேலை போயிடும்.”

“போனா போவட்டும் சார். சேந்தப்புறம் தெரிஞ்சு, புள்ளைங்க எதிர்ல வெளிய போன்னா, அதத் தாங்க மாட்டேன்.”

பேனாவை என் கையிலிருந்து வாங்கி, கட்டத்துக்குள் கொட்டை எழுத்தில் ‘ஆமாம்’ என்று தமிழிலேயே எழுதினார். பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட தீர்ப்பு நகலை எடுத்தார். “புல்டோசர் வந்த அன்னிக்கு அடுப்புக்கு முன்னாடி இதத்தான் வெளிய எடுத்தேன்,” என்றார். அவர் எழுதியதற்குக் கீழே நான் இந்தியில் எழுதி, நகலை இணைத்தேன். அந்தத் துணிச்சல் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

மூன்று வாரம் கழித்துப் போலீஸ் அறிக்கை வந்தது. பழைய வழக்கு அதில் இருந்தது. மேடம் எங்கள் இருவரையும் அழைத்தார். அவர் அறிக்கையையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். “மறைத்திருந்தால் அதற்காகவே வேண்டாம் என்றிருப்பேன்,” என்று இந்தியில் சொல்லி, நியமன உத்தரவில் கையெழுத்திட்டார்.

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னது நீங்கள்தானே?”

வாயைத் திறந்தேன். அதற்குள் பதில் பக்கத்திலிருந்து வந்தது.

“சார் மேரே பாஸ் பைட்டே தே, மேடம்,” என்றார் அந்த அம்மா. சார் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தம்.

என் மானத்தைக் காப்பாற்றக்கூட அவர் பொய் சொல்லவில்லை.