ஒரே ஒரு சீட்

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். நிலத் தகராறு ஒன்றுக்காகச் சென்னைக்குப் போயிருந்த அப்பா, வயிற்றுப் புண் முற்றி ரத்தமாக வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். வக்கீல் வீட்டிலிருந்து கிருஷ்ணகிரிக்கு டிரங்க் கால் வந்தது. ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதற்கு ரத்தம் ஏற்ற வேண்டும், அவருடையது லேசில் கிடைக்காத வகை, ரத்த சொந்தம் யாராவது உடனே வரவேண்டும் என்றார்கள். கூடவே புயல் சேதியும் சொன்னார்கள். காட்பாடிக்கு அப்பால் தண்டவாளம் தண்ணீருக்குள் கிடந்தது, ரோடும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. பெங்களூர் போய் ஏரோப்ளேன் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் ஊர் நாகரசம்பட்டியிலிருந்து காரில் கிளம்பினோம். நான், சித்தப்பா, பெட்டியும் சாப்பாட்டுக் கூடையும் தூக்க எங்கள் பண்ணையாள். அவன் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். இன்று அவர் என்று எழுதினால் எனக்கே போலியாகப் படுகிறது. அன்று அவன்தான், அப்படியே இருக்கட்டும். ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரைக்கும் தூறலும் பனியுமாக இருந்தது. ஓசூர் தாண்டியதும் சித்தப்பா முகம் மலர்ந்தது. நம் பக்கம் மதுவிலக்கு, மைசூர் பக்கம் அது கிடையாது. அண்ணன் சாகக் கிடக்கும்போதும் அந்த எல்லைக் கல் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். வரிசையில் நின்றவர்களையெல்லாம் நர்சம்மா பாரபட்சமில்லாமல் குத்தினாள். பெட்டியோடு பின்னால் நின்றவனையும் விரலை நீட்டச் சொன்னாள். சித்தப்பாவுக்கு அதில் கோபம். முடிவு வந்தபோது இன்னும் கோபம். அவருடையது சேரவில்லை. சேர்ந்தது இரண்டு பேருக்குத்தான், எனக்கும் அவனுக்கும்.

நர்சம்மா அதைக் கன்னடத்தில் சொன்னாள். அவன் எல்லைக்கு அந்தப் பக்கம் கல் உடைக்கப் போனவன், என்னைவிட நன்றாகக் கன்னடம் தெரிந்தவன். ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருக்கும்.

சித்தப்பா என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். நான் ஒரே பையன், கல்யாணம் ஆகாதவன், ரத்தம் கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். அவன் கொடுக்கட்டும், நீ கூடப் போய்ப் பார்த்துக்கொள் என்றார். அந்தப் பேச்சை நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். காலேஜில் படித்தவன் நான். எனக்கு ஊசியைக் கண்டால் பயம், அவ்வளவுதான். யாராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன், சித்தப்பா சொன்னார்.

இரண்டு டிக்கெட் வாங்கினோம். விமான நிலையத்தில் எங்களையும் பெட்டியையும் தராசில் ஏற்றி எடை போட்டார்கள். பிறகு சென்னையில் இறங்க முடியாது, காத்திருங்கள் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்றைக்குக் கிடையாது, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் காலையிலும் அதே கதை. கோட்டுப் போட்டவர்கள் கவுண்டரில் கத்தினார்கள். ஒரு அம்மாள் மகளின் நிச்சயதார்த்தம் போச்சே என்று அழுதாள். அந்தக் கூடத்தில் மெத்தை வைத்த நாற்காலிகள் நிறையக் காலியாக இருந்தன. அவனை நான் சுவரோரமாகத் தரையில் உட்காரச் சொல்லியிருந்தேன். காத்திருந்தவர்களுக்குக் கம்பெனிக்காரர்கள் காபியும் ரொட்டியும் கொடுத்தார்கள். பணியாள் அவனுக்கும் ஒரு கோப்பையை நீட்டியபோது, அவனுக்கு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நான் குடித்த கோப்பையும் அவன் குடித்த கோப்பையும் ஒரே தட்டில் திரும்பிப் போவதை நினைத்து எனக்கு அருவருப்பாக இருந்தது. அவன் ரத்தம் அப்பாவுக்குள் போகப்போவது மட்டும் எனக்கு அருவருப்பாக இல்லை.

மத்தியானம் அறிவிப்பு வந்தது. விமானம் போகும், ஆனால் சென்னையில் இறங்க முடியாவிட்டால் திரும்பி வரவும் பெட்ரோல் நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த எடைக்குச் சில பேரை இறக்கிவிட வேண்டும். எங்கள் பெயர் இறக்குகிற பட்டியலில் இருந்தது. நான் ஓடிப்போய் அதிகாரியிடம் அப்பா விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷர். யார் யாரிடமோ பேசிவிட்டு வந்து, ஒரே ஒரு சீட்தான் தர முடியும் என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“நீங்கதானே மகன்? உங்க ரத்தம் சேரலையா?”

பெட்டியோடு அவன் எனக்குப் பின்னால் நின்றிருந்தான்.

“சேரல” என்றேன்.

கண்ணாடிக்கு வெளியே வானம் கறுத்துப் போயிருந்தது. அந்த மேகத்துக்குள் நான் போக வேண்டாம் என்று தெரிந்ததும் எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. ஒரு பொய்யில் ஊசியும் போச்சு, புயலும் போச்சு. ஆஸ்பத்திரி விலாசத்தைக் காகிதத்தில் எழுதி அவன் சட்டையில் குண்டூசியால் குத்தினேன். அவனுக்கு எழுத்து தெரியாது. ரயிலில்கூட ஏறியிராதவன். நான் பொய் சொன்னதைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எதுனா ஆயிப்போச்சுன்னா எங்க ஊட்ல யாருங்க சாமி சொல்லுவாங்க?”

நான் சொல்கிறேன், போ என்றேன். அவன் போனான். நானும் சித்தப்பாவும் ஓட்டலுக்குப் போய் வயிறு நிறைய மசால் தோசை சாப்பிட்டோம்.

அடுத்த நாள் காலையிலேயே புயல் கரை கடந்து, விமானங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. அன்றைக்கே எனக்கு இடமும் கிடைத்திருக்கும். நான் கேட்கப் போகவில்லை. இன்னும் விமானம் ஓடவில்லை என்று வீட்டுக்குத் தந்தி கொடுத்துவிட்டு மூன்று நாள் பெங்களூரில் சுற்றினேன்.

அங்கே நடந்ததை வக்கீல் குமாஸ்தா பிறகு சொன்னார். விமானம் மழைக்குள் வட்டமடித்து ஒரு வழியாக மீனம்பாக்கத்தில் இறங்கியிருக்கிறது. பஸ் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில், சட்டைக் காகிதத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடி ஆளாளுக்குக் காட்டிக் காட்டி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறான். வந்ததும் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ஆபரேஷனுக்கு இன்னும் வேண்டியிருந்தது. இதே ஆளிடம் திரும்ப எடுக்கக் கூடாதே, மகன் எப்போது வருவார் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். நான் வருகிறமாதிரி இல்லை. அவனே கையை நீட்டியிருக்கிறான். இரண்டாம் தடவை எடுத்து முடித்ததும் மயங்கி விழுந்தானாம்.

அப்பா பிழைத்துக்கொண்டார். தை பிறந்து ஊருக்கு வந்ததும் அம்மா அவரிடம், உங்கள் பிள்ளைதான் புயலில் பறந்து வந்து ரத்தம் கொடுத்தான் என்று சொல்லிவிட்டாள். உண்மை தெரிந்தால் அவர் தன் உடம்பையே தீட்டு என்று வெறுத்துச் சோறு தண்ணீர் தொடாமல் செத்துப்போவார் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், அப்பா அப்படிப்பட்டவர். மயக்கத்தில் இருந்ததால் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவருக்கு எதுவும் தெரியாது. ஊரே என்னைக் கொண்டாடியது. பெண் கொடுக்கப் போட்டி போட்டார்கள். எல்லாவற்றையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவன் பழைய ஆளாகத் திரும்பி வரவில்லை. நாலு சால் ஓட்டுவதற்குள் மூச்சு வாங்கும், ஏரைப் பிடித்தபடி நிற்பான். எங்கள் வீட்டில் அவனுக்கு ஊற்றிய கூழில் எந்த உடம்பு தேறும்? சோம்பேறியாகிவிட்டான் என்று அப்பா திட்டினார். அவன் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவன் பெண்சாதி மட்டும் என்னை எங்கே கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அதற்காக அவள்மேல் எனக்கு எரிச்சல் வரும்.

மாங்காய் அறுப்பு வந்தது. தோப்பில் லாரி நின்றிருந்தது. மாங்காய்க் கூடையைத் தலையில் சுமந்து வந்தவன் பாதி வழியில் தள்ளாடி விழுந்தான். காய்கள் உருண்டு அடிபட்டன. அப்பா புளியம் விளாறை எடுத்தார். ஆறு மாதத்துக்கு முன் எழுந்து உட்கார முடியாதவர், இப்போது கை ஓய்கிறவரைக்கும் அடித்தார். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எம்புள்ள ரத்தம் ஓடுற கைடா இது. இன்னும் நூறு அடி தாங்கும்” என்றார் அப்பா.

கூலிக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு விளாறை என்னிடம் நீட்டி, நீயும் ரெண்டு போடு, அப்போதுதான் நாளைக்கு உனக்கும் அடங்குவான் என்றார். இப்போதாவது நான் வாயைத் திறந்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். அடித்தால் இவன் திறந்துவிடுவானோ என்று அடுத்த கணம் பயந்தேன். பக்கத்தில் போய் நின்றேன். அவன் தலையைத் திருப்பாமல், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி பேசினான்.

“பயப்படாதீங்க சாமி. நான் சொல்லமாட்டேன்.”

அதைக் கேட்ட பிறகுதான் ஓங்கி அடித்தேன். அப்பா சொன்னது இரண்டு. நான் அதோடு நிறுத்தவில்லை.