பால்பவுடர் டப்பாவில் எடுத்த குரூப் போட்டோ

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கும் வேலை பார்த்தேன். ஆயுதபூஜை அன்று வருஷாவருஷம் ஸ்டுடியோக்காரர் வந்து குரூப் போட்டோ எடுப்பார். முதலாளி வீட்டார் நாற்காலியில் உட்காருவார்கள். மண் சுமக்கும் பெண்களை மட்டும், "கேமராவுல அடங்கமாட்டீங்க, தள்ளிப் போங்க" என்று மேஸ்திரி விரட்டுவார். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. கேமராவில் இடம் போதவில்லை என்றால் அவர்கள் ஏன் தள்ளிப் போக வேண்டும்?

நானே ஒரு கேமரா செய்தேன். பால்பவுடர் டப்பாவின் உள்ளே கறுப்பு பூசி, பக்கவாட்டில் ஊசியால் துளை போட்டேன். துளைக்கு எதிரே போட்டோ காகிதத்தை டப்பாவின் வளைவோடு வளைத்துச் செருகினேன். அப்படி வளைத்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை படம் விழும். ஆனால் ஊசித்துளை வழியே வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அசைகிற ஆள் பதிய மாட்டார்.

அடுத்த பூஜைக்கு டப்பாவை ஸ்டூலில் வைத்து, எல்லாரையும் அரைவட்டமாக நிற்கவைத்தேன்.

"நூறு எண்ணுற வரைக்கும் யாரும் அசையாதீங்க."

தலைச்சுமையோடு நின்று பழகிய பெண்கள் கல்தூணாக நின்றார்கள். மேஸ்திரி மட்டும், "டப்பாவுல படம் வருமாம்" என்று சிரித்துக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

ஸ்டுடியோவில் கழுவி, பிரதி போட்டு எடுத்த படத்தில் ஒரு பெண்கூட விடுபடவில்லை. அம்மா நடுவில் நின்றாள். மேஸ்திரி அதை வாங்கி இரண்டு முறை தேடினார்.

"நான் எங்கய்யா?"

"நின்னவங்க எல்லாரும் இருக்காங்க, மேஸ்திரி" என்றேன்.