பூனாகலை சிவனு, கொழுந்து லாரி

நேற்று, பழைய பழக்கத்தில், கணினிக்குக் கணினி கோப்பு அனுப்பும் பழைய வழியான எஃப்.டி.பி. முகவரி ஒன்றை உலாவியில் தட்டிப் பார்த்தேன். அப்படியொன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் அது கைவிரித்துவிட்டது. போகட்டும், எனக்கோ எங்கிருந்தோ சுடச்சுடப் பாண் வாசனை வந்தது.

ஏனென்றால் நான் அதைப் பழகிய எங்கள் அலுவலகம் பண்டாரவளையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். போர்க்காலச் சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்ட தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகச் சாட்சியங்களை எழுதி வாங்கி, கொழும்பு வழக்கறிஞர்களுக்குக் கணினி வழியே அனுப்பும் சின்னச் சட்ட உதவி நிலையம். அங்கே நான்தான் கணினிக்காரன். ஏதோ சஞ்சிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் தட்டை ஏற்றி ஓட்டிவிட்டு, உலகமே என் விரல் நுனியில் என்று திரிந்த வயது.

இணையம்கூட எங்களுடையது இல்லை. பக்கத்துத் தொலைத்தொடர்புக் கடையிலிருந்து கூரை வழியாக ஒரு கம்பி வரும். கடைக்கு வருகிறவர்களும் நாங்களும் அந்த ஒரே கம்பியில்தான். எஃப்.டி.பி. என்பதோ தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பரா மாதிரி. நடுச்சுவர் கூரையைத் தொடாது, இந்த வீட்டில் பேசினால் அந்த வீட்டில் கேட்கும். கடவுச்சொல், கோப்பின் பெயர், உள்ளே எழுதியது எல்லாம் திறந்தபடியே போகும். அதே லினக்ஸில் எஸ்.எஃப்.டி.பி.யும் இருந்தது. அது எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும். கொழும்பில் சர்வரைப் பார்த்துக்கொண்டவரிடம் அதைத் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "எல்லாக் கிளைக்கும் சேத்து அடுத்த மாசம் மாத்துவோம்" என்றார். அவருடைய அடுத்த மாதம் வந்தபாடில்லை.

எங்கள் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக் கனகசபை மாஸ்டர். கம்பியில் ஓடுவதை ஒட்டுக்கேட்டு, எங்கள் கடவுச்சொல் திரையில் பளிச்சென்று விழுவதை அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"உதெல்லாம் சரி தம்பி. பூனாகலைச் சனத்தின்ர சங்கதியை ஆர் வந்து பாக்கப்போறான்?"

நல்ல மனிதர். கீழே மீன் வைத்த மாலுபாண் வாங்கினால் எனக்கும் சேர்த்தே வாங்குவார். கோப்புக்குப் பெயர் வைப்பதில் மட்டும் கறார். தோட்டத்துக்குப் பத்துச் சிவனு இருப்பார்கள், ஆள் மாறக் கூடாது. ஆகவே காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற கணக்கில் தோட்டம், பேர், வேலை மூன்றும் கோப்பின் தலையில் இருக்க வேண்டும்.

பூனாகலைத் தோட்டத்து லெட்சுமி அக்காவின் மகன் உள்ளே இருந்தான். கொழும்பில் ஏதோ ஒரு சம்பவம் நடந்த அன்று அவன் அங்கே நின்றான் என்பது பொலிஸின் கதை. உண்மையில் அன்று முழுக்க அவன் கொழுந்து மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அதைச் சொல்ல முன்வந்தவர் லாரி டிரைவர் சிவனு ஒருவர்தான். "எங்கூடத்தாங்க இருந்தான். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றார். தட்டச்சு செய்து, மாஸ்டரின் முறைப்படியே பெயரிட்டு அனுப்பினோம்.

சில நாளில் தோட்டத்துக்கு அறிமுகமில்லாத ஆட்கள் வந்தார்கள். எந்தச் சிவனு என்று யாரையும் கேட்கவில்லை. கொழுந்து லாரி சிவனுவின் வீடு எது என்றுதான் கேட்டார்கள். கோப்பை யார் பார்த்தார்கள், கம்பியிலா கொழும்பிலா, எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாளே சிவனு மாடியேறி வந்தார். "எம்பேர எடுத்துருங்க தம்பி. நான் புள்ளகுட்டிக்காரன்."

பெஞ்சில் இருந்த லெட்சுமி அக்கா எழுந்துவிட்டார். "அண்ணே, நீங்க சொல்லலேன்னா வேற யாருண்ணே சொல்லுவா?"

சிவனு அவர் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனார். பிறகு குடும்பத்தோடு தோட்டத்தை விட்டே போய்விட்டார். எனக்கு எதையாவது போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கொழும்பு எஸ்.எஃப்.டி.பி.யைத் திறந்தது. அதில் நான் அனுப்பிய முதல் கோப்பு, லெட்சுமி அக்கா தன் மகனுக்காகச் சொன்ன வாக்குமூலம். பெற்றவள் சொல்வதை மட்டும் நம்பி எந்த நீதிமன்றம் விடும்?

"பத்திரமா போயிருச்சா தம்பி?"

"போயிருச்சுக்கா."

வழியில் யாராலும் படிக்க முடியாதபடிதான் போனது. ஒளிக்கும்படி அதில் எதுவும் இருக்கவில்லை.

பின்னாளில் நிலையத்தை மூடிவிட்டார்கள். மாஸ்டர் காலமானார். லெட்சுமி அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வரவேயில்லை. அவன் எங்கே என்று கேட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வர, இனி யாரும் இல்லை.