மஞ்சள் போட்ட ரேடியேட்டர்

என் அக்கா பதினோரு வருடம் பள்ளி வேன் ஓட்டினாள். அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய பொறுமையைப் பற்றியே பேசினார்கள். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா, அவளுக்குப் பொறுமை கிடையாது. ஒரு சிக்னல் பச்சையாவதற்குள் மூன்று பேரைத் திட்டி முடித்திருப்பாள். அவளிடம் இருந்தது வேறு ஏதோ. அதற்கு என்ன பெயர் என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன்.

வேன் முதலில் மாமாவுடையது, அதாவது அக்காவின் கணவருடையது. இருபது வருடம் அவர்தான் ஓட்டினார். நாற்பத்தெட்டாவது வயதில் பார்வை ஓரங்களிலிருந்து மங்க ஆரம்பித்தது. எதிரே வருவது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. ஒரு நாள் சொந்த வீட்டுக் கேட்டையே இடித்துவிட்டு, "இதை யாரு இங்க கொண்டுவந்து வெச்சது?" என்று கேட்டார். அன்றைக்குச் சாவி அக்கா கைக்கு வந்தது. அதுவரை துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், ஓட்டக் கற்று, உரிமம் வாங்கி, ஆறே மாதத்தில் பதினேழு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டாள். குழந்தைகளுக்கு அவள் 'வேனம்மா'.

மாமா அதற்குப் பிறகு காதால் வண்டி ஓட்டினார். தெருமுனையில் வேன் திரும்பும் சத்தத்தைக் கேட்டே, "இன்னிக்கும் கிளட்ச்ச மிதிச்சுக் கொன்னுட்ட" என்பார்.

"கொல்றதா இருந்தா உங்களைக் கொன்னிருப்பேன். கிளட்ச் என்ன பாவம் பண்ணுச்சு" என்பாள் அக்கா.

அவள் ஓட்ட வந்த இரண்டாவது வருடம் இன்ஜின் சூடாக ஆரம்பித்தது. சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டும், நிழலில் நிறுத்தினால் இறங்கும். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஒப்பேற்றினாள். "ரெண்டாவது கியர்லயே உருட்டினா சூடாகாம என்ன செய்யும்? என் கையில இருபது வருஷம் ஒரு நாளும் கொதிச்சதில்ல" என்றார் மாமா. ஒரு வருடம் இதையே சொன்னார். அவளும் அவர் சொன்னபடியெல்லாம் ஓட்டிப் பார்த்தாள். என்னிடம் ஒருமுறை, "என் கால்லதான் ஏதோ கோளாறு போலடி" என்றாள். அவள் தன்னைக் குறை சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, பள்ளிவிட்டு வரும்போது, மேம்பாலத்தில் வேன் கொதித்து நின்றது. முன்பக்கமெல்லாம் ஆவி. பதினேழு பேரையும் இறக்கி, கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக உட்காரவைத்து, வேறு வண்டி வரும்வரை விடுகதை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தையும் அழவில்லை. ஆனால் பெற்றோர் மூன்று பேர் பள்ளிக்கு போன் செய்துவிட்டார்கள். மறுநாள் பள்ளியில் வண்டிகளைக் கவனிக்கும் பொறுப்பாளர் அக்காவைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை வண்டி சரியா இருந்தா வாங்க. இல்லன்னா இந்த ரூட்டை வேற வேனுக்குக் குடுத்துடுவோம்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "ஓட்டத் தெரிஞ்ச ஆளா ஒருத்தரைப் போட்டுக்கங்கம்மா" என்றும் சொன்னார்.

பட்டறைக்காரர் வேனைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்ஜினை இறக்கறதுக்கு முன்னாடி கூலிங் சிஸ்டத்தைக் கழுவிப் பாருங்க. அதுலயே சரியாகலாம். ஆனா புதன்கிழமை வரைக்கும் என் கையில நேரமில்ல" என்றார். கழுவும் திரவம் ஒரு பாட்டில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒரு கேன், பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீர் இரண்டு கேன் எல்லாம் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். உதவிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

ஞாயிறு காலை ஆறரை மணி. இரவெல்லாம் நின்ற இன்ஜின் சில்லென்று இருந்தது. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் போய்விடும் என்று மாமா நான்கு தடவை சொன்னார். அவர் வாசற்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா மூடியைத் திறந்தாள், வேனுக்கு அடியில் படுத்து, ரேடியேட்டரின் கீழ்க் குழாயில் இருந்த கிளிப்பைத் தளர்த்தினாள். நான் துணி ஊறவைக்கும் பேசினை நகர்த்தினேன். கொடகொடவென்று கொட்டியது.

"என்ன நிறம்?" என்றார் மாமா.

"டீ."

"பால் போட்டதா, போடாததா?"

"போடாதது. ஒரு டம்ளர் பிடிச்சு வைக்கவா?"

குழாயை மாட்டி, திரவத்தையும் தண்ணீரையும் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டோம். பேசினில் இருந்ததைப் பூனை வாய் வைத்துவிடாமல் கேனில் ஊற்றி மூடினேன். ஹீட்டரை முழுசாகத் திருகி வைக்க வேண்டும், அதற்குள் ஓடும் தண்ணீரும் கழுவப்பட வேண்டும் என்றார் மாமா. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத திருகு அது. இடுக்கியால் பிடித்துத் திருப்பினோம். அந்த வெயிலில் ஹீட்டரையும் போட்டுக்கொண்டு அக்கா உள்ளே உட்கார்ந்திருந்தாள். பிறகு அணைத்துவிட்டு, சூடு ஆறக் காத்திருந்தோம். இரண்டு மணி நேரம்.

இரண்டாவது முறை குழாயைக் கழற்றியபோது முதலில் பழுப்புத் தண்ணீர் வந்தது. அப்புறம் நின்றது. அக்கா ஒரு குச்சியை விட்டுக் குடைந்தாள். கட்டிகட்டியாகச் சேறு போல ஏதோ விழுந்தது. விளிம்பில் அப்பிக்கொண்டது. மஞ்சள். அக்கா அதை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தாள். நகம் மஞ்சளானது. மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே அடியில் படுத்தபடி என்னைப் பார்த்தாள்.

"என்ன நிறம்?"

அக்கா வாசற்படிப் பக்கம் தலையைத் திருப்பினாள். வேனுக்கு அடியிலிருந்து அவருடைய கால்கள் மட்டும் தெரிந்திருக்கும்.

"அதே டீதான். இப்ப கொஞ்சம் வெளுத்து வருது" என்றாள்.

மாமா எழுந்தார். வேனின் பக்கவாட்டைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். பேசின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பொய் சொல்லாத. மஞ்ச வாசனை வருது."

அவரே சொன்னார்.

"கடைசியா நான் ஓட்டின மாசம். பாதி வழியில ஒழுக ஆரம்பிச்சுது. பிள்ளைங்க உள்ள இருக்கு. பக்கத்துல ஒரு மளிகைக்கடைதான். ஓட்டையை அடைக்க ரெண்டு பாக்கெட் மஞ்சத்தூள் வாங்கி ரேடியேட்டர்ல கொட்டினேன். ஒழுகல் நின்னுடுச்சு. பட்டறையில விட்டுக் கழுவணும்னு நெனச்சேன். அப்புறம் கண்ணு இப்படி ஆயிடுச்சு."

"மறந்துட்டீங்க" என்றாள் அக்கா.

"மறக்கல. மறந்துட்டேன்னு சொன்னா நீ நம்பிடுவ. அதான் சொல்றேன். மறக்கல."

அக்கா வெளியே ஊர்ந்து வந்தாள். முதுகெல்லாம் ஈரம்.

"ரெண்டு பாக்கெட்டா?"

"ரெண்டு."

"சமையல்ல அரை ஸ்பூன் கூடிட்டா தட்டைத் தள்ளுவீங்க."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ஒரு வருஷமா என் காலைக் குத்தம் சொன்னீங்க. நானும் நம்பினேன். ராத்திரியெல்லாம் கட்டில்ல படுத்துக்கிட்டு காலால கிளட்ச் மிதிச்சுப் பாத்திருக்கேன், தெரியுமா?"

மாமா பேசினின் விளிம்பையே தடவிக்கொண்டிருந்தார். "ஓட்ட முடியாதுன்னு ஆயிடுச்சு. ஓட்டினதும் சரியில்லன்னு சொல்ல வாய் வரல" என்றார்.

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தோட்டத்து ஹோஸை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "பிடிங்க. கீழேருந்து மேல தண்ணி விடணும்னு பட்டறைக்காரர் சொன்னார். மிச்ச சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்."

கீழ் வாயில் ஹோஸை வைத்துத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அடைப்பு மேல் வழியாக வாந்தி மாதிரி வந்தது. ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை கழுவினோம். சாயந்திரம் நான்கு மணிக்கு "தெளிஞ்சிடுச்சு" என்றாள் அக்கா. மாமா என் பக்கம் திரும்பி, "நீ பாத்துச் சொல்லு. உங்கக்கா சாட்சி இன்னிக்குச் செல்லாது" என்றார். தெளிந்துதான் இருந்தது.

கூலன்ட்டையும் சுத்தத் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து, மெதுவாக ஊற்றினாள். மூடியைத் திறந்து வைத்தபடியே இன்ஜினை ஓடவிட்டாள். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மாமா மேல் குழாயைக் கையால் பிசைந்துகொண்டே நின்றார். திடீரென்று, "சூடு வந்துடுச்சு. உள்ள வால்வு திறந்துடுச்சு, இப்ப மட்டம் இறங்கும் பாரு" என்றார். இறங்கியது. மறுபடி நிரப்பி மூடினாள்.

திங்கட்கிழமை மாமாவும் வருவேன் என்றார். நானும் ஏறிக்கொண்டேன். குழந்தைகள் இறங்கிப் போனபிறகு, பள்ளி மைதான ஓரத்தில் அக்கா வேனை நிறுத்தினாள், இன்ஜினை அணைக்கவில்லை. பொறுப்பாளரின் அறை மாடியில். அக்கா இறங்கப் போனாள். மாமா தடுத்தார்.

"நான் போறேன். நீ சொன்னா காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும். நான் சொன்னா ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பின்னால் போகப் பார்த்தேன். "விடுடி, போகட்டும்" என்றாள் அக்கா. "நின்ன இடத்துல ஓடும்போதுதான் சூடு ஏறும். இவர் பேச ஆரம்பிச்சா அரை மணிக்குக் குறையாது. இந்த டெஸ்ட்டுல பாஸ் பண்ணிட்டா இந்த வண்டி எங்க வேணாலும் போகும்."

சொல்லிவிட்டாளே தவிர, முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து முள் லேசாக ஏறியது. அக்காவின் கை சாவிக்குப் போனது. ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கியது. முள் இறங்கி, பாதிக்குக் கீழே நின்றது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முப்பத்தைந்து நிமிடம் கழித்து இருவரும் இறங்கி வந்தார்கள். பொறுப்பாளர் மாமாவின் முழங்கையைப் பிடித்திருந்தார். ஜன்னல் வழியாக முள்ளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "எவ்வளவு நேரமா ஓடுது?" என்றார்.

"இவர் மேல போனதுலேருந்து சார்."

"சரி. மூணு மணிக்கு வந்துடுங்கம்மா" என்றார். கொஞ்சம் நின்று, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அக்கா தலையாட்டினாள்.

அவர் போனதும் மாமா வேனைத் தடவிக்கொண்டு நடந்தார். இருபது வருடப் பழக்கம், நேரே ஓட்டுநர் பக்கம் வந்துவிட்டார். கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். பாதி திறந்தது. உள்ளே அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

கதவை அவரே அழுத்திச் சாத்தினார். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பிறகு வேனின் முன்பக்கத்தைக் கையால் தொட்டபடி சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அவர் ஏறி உட்காரும்வரை அக்கா கியரில் கை வைக்கவில்லை.