கருங்கல் வளைவில் ஒரு விரல்

டார்குவில் மெக்காஸ்கிலுக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் ‘ஒத்தை விரல்’. வைத்தவன் எவனோ, அவன் நாக்கில் கொப்புளம் வர! டார்குவில் பப்புக்குள் நுழைந்தால் போதும், எவனாவது ஒரு விரலைத் தூக்கி, “என்னய்யா, ஒண்ணு போதுமா?” என்பான். மற்றவர்கள் இளிப்பார்கள். பதினொரு வருஷமாக அவன் பதில் சொன்னதில்லை. ஒரே ஒரு பியரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

வாரத்தில் நாலு நாள் மீன் வண்டி ஓட்டுகிறான். கல்யாணம் கட்டவில்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் மீன் வாடை போகாது; பைக்கில் போனாலும் கடற்காகங்கள் துரத்திக்கொண்டு வரும். யாராவது உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால் அவர்கள் வாசலில் நல்ல மீனாக ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுப் போவான். அந்த வீட்டு ஆளும் மறுநாள் பப்பில் விரலைத் தூக்குவான்.

எங்கள் மலைச் சாலைகளில் ஒரு வண்டி போகத்தான் அகலம். எதிரே வருகிறவர் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிடுவார். சேர்ந்து போகும் பைக்குகளில் முன்னால் போகிறவர், பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று இடது கை விரல்களால் காட்டுவார். அடுத்தவர் ஒரு விரலைக் குறைப்பார். கடைசி ஆள் முஷ்டியைக் காட்டுவார். முஷ்டி என்றால், எனக்குப் பின்னால் ஆளில்லை, நீ கிளம்பு. அதை நம்பித்தான் லாரிக்காரன் கிளம்புகிறான்.

நாங்கள் மூன்று பேர்: டார்குவில், லாக்லன், நான் இஷ்பெல். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் ‘பை’ பலகாரம் வாங்க லாக்லன் கடையில் நின்றுவிட்டான். “நீங்க போங்க, பின்னாடியே வந்துடுறேன்” என்றான். வாயைத் திறந்தால் மூடமாட்டான், கடையில் அரை மணி நேரம் பேசுவான் என்று நாங்கள் கிளம்பினோம். கருங்கல் வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று ஒதுங்கி நின்றது. டார்குவில் ஒரு விரலைக் காட்டினான். நாங்கள் இருவரும் கடந்ததும் லாரி கிளம்பியது. பலகாரம் ஆறுவதற்குள் எங்களைப் பிடிக்க வேண்டும் என்று பறந்து வந்த லாக்லன், வளைவில் அந்த லாரிக்கு அடியில் போய்விட்டான்.

ஊரே டார்குவிலின் விரலைப் பேசியது. பின்னால் போன இஷ்பெல் என்ன காட்டினாள் என்று ஒரு நாயும் கேட்கவில்லை. நான் முஷ்டியைக் காட்டினேன். லாரி கிளம்பியது அதைப் பார்த்துத்தான். யாரிடமும் நான் சொல்லவில்லை. பழியை அவன் தலையில் விட்டுவிட்டு, பப்பில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தேன். த்தூ, நானும் ஒரு மனுஷி!

போன செப்டம்பரில் அவன் வந்து நின்றான். “கண்ணுல பொரை விழுதாம். பைக்கை வித்துடப் போறேன். கடைசியா ஒரு தடவை அந்த வழியா போயிட்டு வருவோம். நான் முன்னாடி போறேன்.”

மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த வாய் இருக்கிறது?

காலையிலிருந்தே பனிமூட்டம். முதலில் எதிரே வந்தது தபால் வண்டி. டார்குவில் இரண்டு விரலைத் தூக்கினான். இருப்பதே இரண்டு பேர், இவனுக்கு எண்ணக்கூட மறந்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டே நான் முஷ்டியைக் காட்டிவிட்டுக் கடந்தேன். கண்ணாடியில் பார்த்தால் வண்டி நகரவில்லை. அதை ஓட்டிய பெண் வெறும் சாலையைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகுதான் கிளம்பினாள். ஒரு மைல் தள்ளி வந்த டிராக்டர்காரனும் அதையே செய்தான்.

டீக்கடையில் பிடித்துக்கொண்டேன். “ஏண்டா, பொரை விழுந்தது கண்ணுலயா, மூளையிலயா? எதுக்குடா ரெண்டு விரலு?”

அவன் டீயை ஊதினான். “பின்னாடி ரெண்டு பேர் தானே வர்றீங்க.”

“விளையாடாதடா.”

“அன்னைக்கு எண்ணல. இன்னைக்கு எண்ணுறேன். அவ்ளோதான்.”

“செத்தவன எல்லாம் எண்ணாத! வளைவுல ஒரு விரல் காட்டு. இல்லேன்னா நான் இப்படியே திரும்பிடுவேன்.”

டீக் கோப்பையைக் கீழே வைத்தான். “சரி, காட்டுறேன். அதுக்கப்புறம் நீ என்ன காட்டுறேங்கறது உன் பாடு.”

கருங்கல் வளைவில் மரலாரி ஒன்று ஒதுங்கி நின்றது. அடக் கடவுளே, வேறு வண்டியே கிடைக்கவில்லையா! டார்குவில் சொன்னபடி ஒரு விரலைக் காட்டிக் கடந்தான். நான் கையைத் தூக்கி விரல்களை மடக்கினேன். அப்போது ஹெல்மெட்டுக்குள் சூடான இறைச்சிப் பலகார வாசனை வந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். பனிக்குள் மஞ்சளாக ஒரே ஒரு விளக்கு என் பின்னால் வந்துகொண்டிருந்தது.

நான் ஒரு விரலை நிமிர்த்தினேன்.

வளைவு தாண்டி டார்குவில் நிறுத்தியிருந்தான். நானும் நிறுத்தினேன். பனிக்குள் லாரி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருப்பது கேட்டது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. கொஞ்சம் பொறுத்து நன்றிக்கு அடிப்பதுபோல் இரண்டு குட்டி ஹாரன். அதன் பிறகு லாரி கிளம்பிப் போனது. எங்கள் பக்கம் யாரும் வரவில்லை.

“நின்னானா?” என்றான் டார்குவில்.

“நின்னான்.”

“எவ்ளோ நேரம்?”

“ஒரு பைக்கு தாண்டிப் போற நேரம்.”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அழுதான். எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. “டார்குவில், அன்னைக்கு நான்...”

“முஷ்டி காட்டுன. தெரியும்.”

“எப்படிடா?”

“கண்ணாடியில பாத்தேன்.”

“பாவி! பதினோரு வருஷமா ஏண்டா வாயத் தொறக்கல?”

“ரெண்டு பேரையும் எதுக்கு ஏசணும்? ஒருத்தன் போதும்.”

அன்று சாயங்காலம் பப்பில் வழக்கம்போல ஒருவன் விரலைத் தூக்கினான். “என்னய்யா, ஒண்ணு போதுமா?” நான் எழுந்து என் முஷ்டியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“லாரி கிளம்புனது இதப் பாத்துத்தான்டா. என் கைதான். இனிமே பேர் வைக்கணும்னா எனக்கு வை.”

யாரும் சிரிக்கவில்லை. டார்குவில் தன் பியரைக் குடித்து முடித்தான். வீட்டுக்குக் கிளம்பவில்லை. பியர் ஊற்றுகிறவளைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கினான்.