வெள்ளிமலையிலிருந்து ஒரு மாடிப்படி வரை

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் சாலைகள் அடிக்கடி அடைபட்ட மாதத்தில் கல்வராயன் மலைக்குப் போனோம். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான், தவறாகவும் இருக்கலாம். இயன்முறை மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். ஒருவரோடு கூடவே போய் அவருக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கிவந்தால்தான் சட்டம் புரியும் என்று நினைத்து, கார்த்திக், மீனா இருவரையும் அழைத்துப்போனேன்.

அந்த ஒருவர், மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊரில் தையல் வேலை செய்யும் அலமேலு. முப்பது வயது. இரண்டு கால்களும் சிறுவயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் போனவை. சான்றிதழ் இல்லாததால் உதவித்தொகை இல்லை. கள்ளக்குறிச்சியில் மாதம் ஒருமுறை நடக்கும் மருத்துவ முகாமுக்கு இரண்டு முறை போய், ஏதோ ஒரு தாள் குறைகிறதென்று திருப்பி அனுப்பப்பட்டவர். இந்த முறையும் தவறினால் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சிக்குக் காலை 6.10 பேருந்து. கார்த்திக் எதுவும் கேட்காமல் அவரைத் தூக்கி இருக்கையில் உட்காரவைத்தான். நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டேன். இடப்பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும். கச்சிராயபாளையம் தாண்டியதும் மறியல். ஜன்னலை மூடச் சொன்னேன், பயம்தான். அலமேலு மூடவில்லை. சாலையில் உட்கார்ந்திருந்தவர்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, “குந்திக்கினாத்தான் வண்டி நிக்கும்போலருக்கு சார்” என்றார்.

இரண்டு மணி நேரப் பயணம் நான்கரை மணி நேரமானது. கள்ளக்குறிச்சியில் இறங்கி ஆட்டோவில் முகாமுக்குப் போனபோது மணி பதினொன்று. மருத்துவர்கள் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் இருந்ததோ முதல் மாடியில், இருபத்திரண்டு படிகள். நேரம், புகைப்படம், நகல்கள் எல்லாவற்றையும் தொலைபேசியில் இரண்டு முறை சரிபார்த்திருந்தேன். எந்த மாடி என்று மட்டும் கேட்கவில்லை.

கார்த்திக் முதுகைக் காட்டிக் குனிந்தான். அலமேலு நகரவில்லை.

“ரெண்டு வாட்டியும் எங்கண்ணன் தூக்கிக்கினுதான் போச்சு. தூக்க ஆளு இருக்குதில்ல, அப்பறம் இன்னான்னு சிரிச்சாங்க. இனிமே மூட்டையாட்டம் போவமாட்டேன் தம்பி. அவுங்க கீழ வரட்டும்.”

சொல்லிவிட்டு முதல் படியில் உட்கார்ந்துகொண்டார். ஏறுகிறவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.

இந்த ஒரு நாள் மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் பொதுக் கட்டிடங்களில் எல்லோரும் நுழைய முடிய வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன் நான். நோட்டை எடுத்து மனு எழுத ஆரம்பித்தேன்.

“சார், நீங்க எழுதிக்கினே இருந்தா ஒரு மணி ஆயிடும். போய்ச் சொல்லுங்க” என்றாள் மீனா.

மேலே போனேன். மருத்துவர் ஒருவரிடம் சொல்வதற்குள் மூன்று முறையாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். களைத்துப்போயிருந்த அந்த மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு, கீழே இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இறங்கி எண்ணினேன். தூக்க ஆள் தேடிக்கொண்டு இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள்.

12.20க்கு மருத்துவரின் மேசை கீழே வந்தது. அது இறங்க வேண்டும் என்பதற்காக அலமேலு படியை விட்டு நகர்ந்தார். ஆறு பேருக்கும் சான்றிதழுக்கான பரிசோதனை முடிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: சாலை நிலவரத்தை முதல் நாளே விசாரியுங்கள். ஆவணங்களின் அசல், நகல், நான்கு புகைப்படம் வேண்டும். எத்தனை மணிக்கு என்பதோடு எந்த மாடி என்றும் கேளுங்கள். மாணவர்களை அழைத்துப்போகிற ஆசிரியர் என்னைவிடத் தைரியசாலியாக இருந்தால் இன்னும் நல்லது.

திரும்பும் பேருந்து 3.15க்கு. கார்த்திக் கையை நீட்டப்போய், நிறுத்திக்கொண்டான்.

“அக்கா, நான் இன்னா பண்ணட்டும்?”

“இந்தப் பையப் புடி” என்றார் அலமேலு. கம்பியைப் பற்றி, கைகளை ஊன்றி, பேருந்தின் மூன்று படிகளையும் அவரே ஏறினார். அதுவரை நடத்துனர் விசில் ஊதவில்லை.