சின்னப் பிள்ளை கைத் தையல்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த சத்தியநேசனின் மனைவி ஞானபாக்கியத்துக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் ஊரில் எதுவுமே பிடிக்கவில்லை. தண்ணீர் பிடிக்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் காற்று பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் குடியிருந்த எங்களைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவள் மதுரைக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். தையலும் பூவேலையும் வெள்ளைக்கார அம்மாக்களிடமே கற்றுக்கொண்டதாகச் சொல்வாள். அவள் தைத்து நாங்கள் பார்த்ததில்லை.

வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி பீரோ நின்றது. உள்ளே பீங்கான் நாய், பூப்போட்ட கோப்பைகள், மதுரையில் வாங்கிய வேலைப்பாட்டுத் துணிகள். விருந்தாளிக்குக் காப்பி என்னவோ பித்தளை டம்ளரில்தான் வரும். கோப்பைகளைக் கண்ணால் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் கிரேஸுக்கு ஏழு வயது. தம்பி ஜேசுதாஸுக்கு ஐந்து. இந்தத் தாய்க்கு அப்படிப்பட்ட பிள்ளைகள் எப்படி வாய்த்தார்களோ, எந்நேரமும் எதையாவது செய்து கொண்டுவந்து அவளிடம் நீட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஐம்பத்துநாலாம் வருஷம் கோடையில் ஞானபாக்கியத்துக்குக் கழுத்து வலி. பக்கத்துத் தெருப் பஞ்சுக் கிட்டங்கியிலிருந்து பறந்து வந்த இலவம் பஞ்சைப் பிள்ளைகள் இரண்டும் நாலைந்து நாள் பொறுக்கிச் சேர்த்தார்கள். அப்பாவின் கிழிந்த வேட்டித் துண்டில் அதை அடைத்து, கறுப்பு நூலால் கிரேஸ் ஒரு குட்டித் தலையணை தைத்துக் கொண்டுவந்தாள்.

"இது என்னடி?"

"தலகாணிம்மா. கழுத்துக்கு வச்சுக்கங்க."

ஞானபாக்கியம் அதை இரண்டு விரலால் தூக்கினாள். "செத்த எலி மாதிரி இருக்கு. கொண்டுபோயி வெளியில போடு. பஞ்சு பூராப் பேன் இருக்கும்."

இலவம் பஞ்சில் பேன் இருந்ததாகப் போடியில் எவரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மதுரையில் படித்தவள் சொல்லும்போது பஞ்சுக்குப் பேன் வராமல் இருக்குமா?

அடுத்தது ஜேசுதாஸின் முறை. ஆற்றங்கரைக் களிமண்ணில் ஒரு பொம்மை பிடித்துக் கொண்டுவந்தான். உடம்பைவிடத் தலை பெரிதாக இருந்தது. அதில் பாதி வாய்.

"யாருடா இது?"

"நீங்கதான்."

"எனக்கு வாய் இம்புட்டா இருக்கு?"

"பேசும்போது இருக்கும்மா."

பொம்மை கிணற்றடிச் சுவரில் மோதி உடைந்தது. பையன் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கி டவுசர்ப் பையில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான்.

அங்கே ராக்கு உட்கார்ந்திருந்தாள். மலைத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் இறங்கும் ஏலக்காயை முறத்தில் பரப்பி, வெடித்தது வேறு, பச்சை வேறு என்று பொறுக்குகிற வேலை அவளுக்கு. கொஞ்சுகிற பெண்பிள்ளை இல்லை. ஜேசுதாஸ் காட்டிய மண்துண்டுகளைப் பார்த்தாள்.

"எதுக்கு அப்பு ஒடஞ்சதக் கொண்டாந்த? சோலியக் கெடுக்காம அந்த வாயிருக்கிற துண்ட மட்டும் குடு. முறம் ஆடுது. அடியில வைக்கிறேன்."

பையனுக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் கிரேஸ் செத்த எலியையும் கொண்டுவந்து கொடுத்தாள். ராக்கு அதை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, "எம்பிள்ளைக மூணும் தடிமாடாட்டம் வளந்திருச்சுக, ஒரு துரும்பு கொண்டாந்து குடுத்ததில்ல" என்றாள். அன்றிலிருந்து பிள்ளைகள் செய்கிற சாமான் எல்லாம் முன்னறைக்குப் போகாமல் நேரே கொல்லைக்குப் போயிற்று. ஞானபாக்கியம் அதைக் கவனிக்கவில்லை. வீடு சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

ஐப்பசி மழையில் போதகரின் மனைவி வீட்டுக்கு வந்தார். சபையில் அவருக்கு நல்ல மரியாதை. ஞானபாக்கியம் அவரை பீரோவுக்கு எதிரில் உட்கார வைத்தாள். அன்று ராக்குதான் காப்பி டம்ளரோடு வந்தாள். அவள் மணிக்கட்டில் சணல் காப்பு ஒன்று கிடந்தது. மூட்டைக்குக் குறி போடுகிற நீல மையில் முக்கிப் பின்னியது. கை முழுக்கச் சாயம் இறங்கியிருந்தது.

"இது என்னம்மா, கையெல்லாம் நீலம்?" என்றார் வந்தவர்.

"பிள்ளைக பின்னிக் குடுத்துச்சுங்கம்மா. கழத்துனா மொகம் சுண்டிப்போகும்."

"ஞானபாக்கியம், உங்க பிள்ளைகளா? வேலைக்காரிக்கே இவ்வளவு அழகாச் செஞ்சு குடுக்குதுகன்னா, பெத்தவளுக்கு என்னென்ன செஞ்சிருக்கும்! காட்டுங்களேன்."

காட்ட என்ன இருந்தது? ஞானபாக்கியம் ஒரு விநாடிதான் யோசித்தாள். எழுந்து பீரோவைத் திறந்து, மதுரையில் வாங்கிய மேசைவிரிப்பை எடுத்தாள். அதில் ரோஜாக்கொத்தும் இரண்டு கிளிகளும் இருந்தன.

"இது கிரேஸ் போட்டது" என்றாள்.

போதகரின் மனைவி நல்லவர். நல்லவர்கள் எதையும் அத்தோடு விடமாட்டார்கள். "ஏழு வயசுலயா! அறுப்பின் பண்டிகைக்கு இதேமாதிரி ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. கோயில் ஏலத்துல நானே தூக்கிக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிரேஸுக்குப் பொத்தான் தைக்கத் தெரியும், கிழிசலை மூட்டத் தெரியும். கிளி தைக்கத் தெரியாது. வெளியில் யாரிடமாவது கொடுத்துத் தைத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே, வெள்ளைக்கார அம்மாக்களிடம் படித்தவள் தானே உட்கார்ந்தாள். மூன்று வாரம் பகல் முழுக்க அறைக்கதவு சாத்தியே இருந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லை. விரல்களில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்து சத்தியநேசன் என்னவென்று கேட்டதற்கு, ரோஜா முள் என்றாள். வீட்டில் ரோஜாச் செடியே கிடையாது. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வீட்டில் அவருக்கிருந்த ஒரே சாமர்த்தியம் அதுதான்.

கதவிடுக்கு வழியாக ஜேசுதாஸ் பார்த்திருக்கிறான். அவன் ராக்குவிடம் சொன்னான். ராக்கு எங்களிடம் சொன்னாள்.

அறுப்பின் பண்டிகையன்று கோயில் முற்றத்தில் காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாம் ஏலம் போனபின் மேசைவிரிப்பு வந்தது. போதகரின் மனைவி அதை விரித்துத் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கிற்று. ரோஜாக்கள் முட்டைக்கோஸாகியிருந்தன.

"ஏழு வயசுப் பிள்ளை போட்டது! பாருங்க இந்தக் கோணலை. சின்னப் பிள்ளை கைன்னு பார்த்தாலே தெரியுதில்ல? பெரியவங்க தைச்சா இந்த அழகு வருமா?"

"வராது, வராது" என்றது கூட்டம்.

"அது கிளியாம்மா, கத்திரிக்காயா?" என்று கேட்டார் காப்பிக்கொட்டை வியாபாரி சௌந்தரபாண்டியன்.

முற்றம் முழுக்கச் சிரிப்பு. பிள்ளையை நினைத்துச் சிரித்த அன்பான சிரிப்புதான். ஞானபாக்கியமும் சிரிக்க வேண்டியிருந்தது. புதுப் பட்டுச் சேலையில், கழுத்து நிறைய நகையோடு, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சிரித்ததைப் பார்க்க நாங்கள் எத்தனை பண்டிகைக்கு வேண்டுமானாலும் வருவோம்.

"நீதானே கண்ணு போட்ட?" என்று போதகரின் மனைவி குனிந்து கேட்டார்.

கிரேஸ் அம்மாவைப் பார்த்தாள். இல்லை என்று பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மதுரைப் பெருமையெல்லாம் அந்த முற்றத்திலேயே முடிந்திருக்கும்.

"அம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றாள்.

தான் தைத்த தலையணையைச் செத்த எலி என்று எறியச் சொன்னவளுக்காக அந்தப் பிள்ளை சொன்ன பொய் அது. அந்த அம்மாளுக்கு அது தகுமா என்று யாராவது எங்களிடம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்போம். சௌந்தரபாண்டியன் விரிப்பை ஏலத்தில் எடுத்துத் தன் கடை மேசையில் விரித்தார். போடிக்கு வந்துபோன அத்தனை வியாபாரியும் ஒரு வருஷம் அந்தக் கத்திரிக்காய்களைப் பார்த்தார்கள்.

வீடு திரும்பும்போது கிரேஸ், "நானே தைச்சிருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா வந்திருக்கும்மா" என்றாளாம்.

அடுத்த பங்குனியில், குருத்தோலை ஞாயிறு முடிந்து, கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலைகளைப் பிள்ளைகள் கொல்லையில் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஞானபாக்கியம் கதவோரம் வந்து கொஞ்ச நேரம் நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையாடி?"

கிரேஸ் நிமிர்ந்து பார்த்தாள். குறும்பு எதுவும் இல்லை, நிஜமாகவே யோசித்தாள். "ராக்கக்காவுக்குக் கூடை பின்னுறோம்மா. ஓலை மிச்சமிருந்தா உங்களுக்குச் செய்றோம்."

முறத்திலிருந்து ராக்கு தலையைத் தூக்கவே இல்லை. ஞானபாக்கியம் கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் எதிர்பார்த்திருப்பாள். ஆனால் ஞானபாக்கியம் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஓலை மிஞ்சுமா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்சம் மிஞ்சியது. அதில் உள்ளங்கையளவு விசிறி ஒன்று வந்தது. மூக்கு நுனிக்கு மட்டும் காற்று வீசும். "நல்லா இருக்கு" என்றாள் ஞானபாக்கியம். பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று சந்தேகமாகப் பார்த்துக்கொண்டன.

திருந்திவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொழுது சாய்வதற்குள், ஓரம் சரியில்லை, முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று அவிழ்த்துத் தானே பின்ன ஆரம்பித்தாள். விசிறி பாதியாகப் பிரிந்து கையில் வந்துவிட்டது. கிரேஸ் அதை அவளிடமிருந்து வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து பின்னினாள்.

"விடுங்கம்மா. உங்களுக்கு இதெல்லாம் வராது."